பிளான் தொலைந்தால் விமானம் பறக்காதா?

பழைய ரேடியோ கண்ட்ரோல் விமானப் பெட்டியில் பிளான் இல்லையென்றால், "இது உதவாது"ன்னு பரண்மேல போட்டுடுறாங்க. அது தவறு என்பது என் கருத்து.

விருத்தாசலம் பீங்கான் பொம்மைக்கு அச்சு உடைந்தால், பொம்மையை வைத்தே புது அச்சு எடுக்கலாம். அதுபோல, இருக்கிற துண்டுகளை அளந்தே பிளான் வரையலாம். இடது இறக்கையில் ஒரு பால்சா துண்டு காணோமா? வலது இறக்கைத் துண்டை வைத்துக் கோடு போட்டு வெட்டலாம். ஒட்டி முடித்ததும், இறக்கையின் முன்ஓரத்திலிருந்து நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இரண்டு விரலால் தாங்கிப் பார்க்கணும். வால் தொங்கினால் மூக்கில் எடை சேர்க்கணும்.

ரைட் சகோதரர்களுக்கு பிளான் கொடுத்தது யார்? பழைய கணக்கு ஒத்துவரலன்னு 1901-ல் காற்றுச் சுரங்கம் செய்து, சுமார் 200 குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17-ல் முதல் தடவை 12 வினாடி பறந்தார்கள்.

ஆசிரியர்களே, அறிவியல் கண்காட்சிக்கு இப்படி ஒரு குறைப்பெட்டி கிடைத்தால் எங்ககிட்ட கொடுங்க. பையன்கள் ஒட்டட்டும், பொண்ணுங்க சார்ட் எழுதட்டும்னு பிரிக்காதீங்க. ரெண்டு துண்டு உடையும், திட்டாதீங்க. பிளானை நாங்களே வரைந்து காட்டுறோம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி