தண்ணீர் சுமப்பவரின் பெயரைக் கேளுங்கள்

ஜூலை மாதம் வந்தால் எங்கள் அறையில் இரவு ஒன்பது மணிவரை யாரும் சாப்பிடப் போவதில்லை. ஒரு மொபைலைப் புத்தகக் கட்டில் சாய்த்து வைத்துவிட்டு, நான்கைந்து பேர் தலையை நீட்டிக்கொண்டு டூர் த பிரான்ஸ் பார்ப்போம். "வாசிப்பு வட்டம் நடத்துகிற உங்களுக்கு வெள்ளைக்காரன் சைக்கிள் ஓட்டுவதில் என்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில்: பிடித்திருக்கிறது, பார்க்கிறோம். ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயத்தை ரசிக்க நமக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. துக்கமும் கோபமும் மட்டும்தான் நமக்கு உரியவை என்று யாரும் எல்லை போடவும் முடியாது.

இரண்டாவது பதில் கொஞ்சம் நீளமானது.

மூன்று வாரம், 21 கட்டங்கள். ஓர் அணிக்கு 8 பேர். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, குறைந்த நேரத்தில் முடித்தவருக்கு மஞ்சள் சட்டை. பார்ப்பதற்குத் தனிமனிதர் வெற்றிபோலத் தெரியும். உண்மை அப்படி இல்லை. சாலையில் பெரிய எதிரி காற்று. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் வருபவருக்குப் பாரம் வெகுவாகக் குறையும். எனவே அணித் தலைவரைப் பின்னால் ஒளித்துவைத்து மற்றவர்கள் மாறி மாறி முன்னால் மிதிக்கிறார்கள். அணியின் காருக்குப் பின்தங்கிப் போய், சட்டைக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு திரும்பவும் ஏறி வருகிறார்கள். தலைவரின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கிறார்கள்.

இவர்களுக்குப் பெயர் 'தொமெஸ்திக்'. பிரெஞ்சு மொழியில் வீட்டு வேலையாள் என்று பொருள். 1911-இல் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெகிராஞ்ச், மோரிஸ் புரோக்கோ என்ற வீரரை இழிவுபடுத்தச் சொன்ன சொல் அது. வசைச்சொல்லே வேலையின் பெயராக நிலைத்துவிட்டது. வசையே பெயராகும் கதை நமக்குப் புதிதல்ல.

1934-இல் ரெனே வியெத்தோவுக்கு வயது 20. மலையேறுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அணித் தலைவர் அன்தோனன் மாஞ் விழுந்தபோது தன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, உதவி வண்டிக்காகக் காத்துக்கொண்டு சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுதார். அந்தப் படம் உலகப் புகழ்பெற்றது. மாஞ் பட்டம் வென்றார். வியெத்தோ ஐந்தாம் இடம்.

பத்திரிகைகள் இதைத் 'தியாகம்' என்று கொண்டாடுகின்றன. இங்கேதான் தோழர்களே, நாம் கவனமாக இருக்க வேண்டும். அடுத்தவர் உழைப்பை எடுத்துக்கொள்கிறவர்கள்தான் தியாகம் என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துகிறார்கள். கழிவுக்குழியில் இறங்கிச் சாகிறவரின் வேலையையும் 'சேவை' என்றுதானே சொல்கிறார்கள்?

அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது வேறு என்று அண்ணல் அம்பேத்கர் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். தொமெஸ்திக்குக்குச் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. பரிசுப் பணத்தை அணிக்குள் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. அவர் மகன் தண்ணீர் சுமந்தே ஆக வேண்டும் என்று எந்த சாத்திரமும் சொல்லவில்லை. முக்கியமாக, அவர் ஒருநாள் தலைவராகலாம்.

ஆகிக்காட்டியவர் செப் குஸ். 2023-இல் இத்தாலியப் பந்தயத்தில் ரோக்லிச்சுக்கும், பிரான்சில் விங்கெகோவுக்கும் உழைத்து இருவரையும் வெல்ல வைத்தார். அதே ஆண்டு ஸ்பெயினின் வுவெல்தாவில் தலைமைச் சட்டை அவரிடமே வந்தது. ஆங்லிரு மலையில் அந்த இருவரும் அவரைப் பின்னால் விட்டுவிட்டு ஏறிப் போனார்கள். அவருடைய முன்னிலை 8 நொடியாகச் சுருங்கியது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்: ஆண்டு முழுவதும் உங்களைச் சுமந்தவருக்கு ஒரே ஒருமுறை நீங்கள் சுமக்கக் கூடாதா? அடுத்த நாளிலிருந்து அணி அவருக்குப் பின்னால் நின்றது. குஸ் வென்றார். நாங்களும் அந்த இரவுகளில் தூங்கவில்லை.

ஆனால் இந்தக் கதவு எல்லோருக்கும் ஒரேமாதிரித் திறந்திருந்ததா? டூர் தொடங்கியது 1903-இல். அதில் முதல் கறுப்பின வீரராகக் குவாதலூப்பைச் சேர்ந்த யோஆன் ழென் ஓடியது 2011-இல். 108 ஆண்டுகள்! 2020-இல் ஓடிய 176 பேரில் கறுப்பினத்தவர் கெவின் ரெசா ஒருவர் மட்டுமே. அவரை 2017-இல் இன்னொரு பந்தயத்தில் சக வீரர் ஒருவர் இனவெறியோடு வசைபாடினார். அதற்குத் தண்டனை ஆறு வார இடைநீக்கம்.

எரித்திரியாவுக்கு சைக்கிளைக் கொண்டுபோனது இத்தாலியக் காலனி ஆட்சி. அதே ஆட்சிதான் அந்த மண்ணின் மக்களை வெள்ளையரோடு சேர்ந்து பந்தயம் ஓட விடாமல் தடுத்தது. அந்த நாட்டிலிருந்து வந்த பினியாம் கிர்மாய், 2024 ஜூலை 1 அன்று இத்தாலியின் தூரின் நகரிலேயே டூர் கட்டம் ஒன்றை வென்றார். டூர் வரலாற்றில் கட்டம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். அத்தோடு நிற்காமல் மேலும் இரண்டு கட்டங்களையும் பச்சைச் சட்டையையும் வென்றார். அன்று எங்கள் அறையில் எழுந்த கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.

பெண்களின் கதையும் உண்டு. நீண்ட இடைவெளிக்குப்பின் 2022-இல் பெண்களுக்கான டூர் மீண்டும் வந்தது. அந்த ஆண்டு ஆண்களுக்கு 21 கட்டம் இருந்தது, பெண்களுக்கு 8. ஆண் வெற்றியாளருக்கு 5 லட்சம் யூரோ, பெண் வெற்றியாளருக்கு 50 ஆயிரம். மலை எல்லோருக்கும் ஒரே உயரம்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் ஏன் பார்க்கிறோம்? ரசிப்பதற்காகக் கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை, கேள்வி கேட்பதற்காக ரசிப்பதையும் விட வேண்டியதில்லை. குஸ்ஸுக்காக ரசிகர்கள் குரல் எழுப்பியதை நாம் பார்த்தோம். யார் பெயரைச் சொல்லிக் கத்துகிறோம் என்பதும் ஒரு அரசியல்தான்.

அடுத்த ஜூலையில் நீங்களும் பாருங்கள். மஞ்சள் சட்டையை மட்டும் பார்க்காதீர்கள். மலையடிவாரம்வரை காற்றைக் கிழித்துவிட்டு, வேலை முடிந்ததும் ஓரமாக ஒதுங்கி, கேமராவிலிருந்து மறைந்துபோகிறாரே, அவர் முதுகில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பெயரைத் தேடிப் படியுங்கள். நம் கூட்டங்களிலும் அப்படித்தான். மேடையில் பேசியவர் பெயர் நோட்டீசில் இருக்கிறது. முந்தின இரவு போஸ்டர் ஒட்டியவர், நாற்காலி போட்டவர், தண்ணீர்க் கேன் சுமந்தவர் பெயர்கள் எங்கே இருக்கின்றன?