35 வயதுக்குப் பிறகு தாய்மை: பழி வேண்டாம், பரிசோதனை வேண்டும்

35 வயதைக் கடந்து கருத்தரிக்கும்போது ஆபத்து இரண்டு வழிகளில் கூடுகிறது. முதலாவது, கருமுட்டையின் வயது. முட்டை முதிர முதிர, குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போகும் வாய்ப்பு அதிகரிக்கிறது, கருச்சிதைவும் கூடுகிறது. டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் ஏறத்தாழ 1,250-ல் ஒன்று. 35-ல் 350-ல் ஒன்று. 40-ல் 100-ல் ஒன்று. இரண்டாவது, தாயின் உடல்நிலை. கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், நஞ்சுக்கொடி கீழிறங்கி அமைதல், சிசேரியன் ஆகியவற்றின் வாய்ப்பும் வயதோடு ஏறுகிறது.

ஆனாலும் 40 வயதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கர்ப்பங்களில் டவுன் சிண்ட்ரோம் இருப்பதில்லை. படிப்பு, வேலை, தாமதமான திருமணம், குழந்தைப்பேறு சிகிச்சை எனக் காரணம் எதுவானாலும், திருச்சி கே.கே. நகரிலோ ஸ்ரீரங்கத்திலோ 38 வயதில் கருவுற்றவருக்கு, "இவ்வளவு நாள் ஏன் தள்ளிப்போட்டாய்?" என்ற கேள்வியால் எந்தப் பயனும் இல்லை. உரிய காலத்தில் செய்யும் பரிசோதனைதான் அவரைக் காக்கும்.

அதற்கான முன்மாதிரி தமிழகத்திலேயே உள்ளது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற முடிவை மாநில அரசு 2007-லேயே எடுத்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனிப்பு தொடங்குகிறது. 2016-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், மாதந்தோறும் 9-ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனையில் ஆபத்து அதிகமுள்ளவரின் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது.

ஸ்டிக்கர் ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. 35 வயதைக் கடந்தவர் பதிவுசெய்த உடனேயே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யவேண்டிய ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைப்பது உறுதிசெய்யப்பட வேண்டும். ரத்த அழுத்த ஆபத்து உள்ளவர்களுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். தாமதமாக வருபவருக்கு இந்த வாய்ப்புகள் கைநழுவிப் போகும்.

தனியார் கருத்தரிப்பு மையங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆந்திரத்தில் 2019-ல் எழுபதைக் கடந்த ஒரு பெண் கருத்தரிப்புச் சிகிச்சை மூலம் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றது நாடெங்கும் விவாதமானது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சிகிச்சைக்கு வருவோரின் வயது பெண்ணுக்கு 50-க்குள்ளும் ஆணுக்கு 55-க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த வரம்புக்கு உட்பட்டவர்களுக்கும், பணம் கட்டுவதற்கு முன்பே இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்து, ஆபத்துகளைத் தமிழில் எழுத்துபூர்வமாக விளக்குவது கட்டாயமாக்கப்பட வேண்டும். எந்த வயதில் தாயாவது என்பது பெண்ணின் முடிவு. அந்த முடிவைப் பாதுகாப்பானதாக்குவது அரசின் கடமை.