பழைய இரும்பும் நம் இளக்காரமும்



பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய பாகங்களைக் கொண்டு ஒருவர் தாமே துளைப்பொறி செய்கிறார் என்றால், நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "சில நூறு வெள்ளிக்குப் புதிதாகவே கிடைக்குமே, இந்தக் குப்பை எதற்கு?" என்பதுதான். படித்தவர்கள்தாம் இதை மிகுதியாகக் கேட்கிறார்கள். ஆசிரியர்களும் கேட்கிறார்கள். அறியாமையோடு இளக்காரமும் கலந்த இக்கேள்விக்கு மறுமொழி சொல்லியே ஆகவேண்டும்.

துளைப்பொறி என்பது பட்டறைகளில் 'டிரில்லிங் மெஷின்' என்கிறார்களே, அதுதான். சில நூறு வெள்ளிக்கு வாங்கும் பொறியில் பெரும்பாலும் 13 மில்லிமீட்டர் சக்தான் இருக்கும், தூண் மெலிந்திருக்கும். 12 மில்லிமீட்டர் தடித்த இரும்புத் தகட்டில் 20 மில்லிமீட்டர் துளை போடக் கைப்பிடியை அழுத்தினால், மேசையே வளைந்து கொடுக்கும். அப்படிப் போடும் துளை நேராக அமையாது. அந்த வேலைக்குத் தகுந்த பொறியைப் புதிதாக வாங்கவேண்டுமானால் விலை ஆயிரக்கணக்கில் போய்விடும். சிறு பட்டறைக்காரர் கணக்குத் தெரியாமல் பழைய இரும்பைத் தேடவில்லை.

அவர் எதைத் தேடுகிறார் என்பதைப் பாருங்கள். கட்டுமானத் தளங்களில் 'மேக்னட் டிரில்' என்று ஒன்று உண்டு. எச் வடிவ இரும்பு உத்திரத்தைப் பொறியிடம் கொண்டுவர முடியாது. ஆகவே பொறியே உத்திரத்தின்மேல் மின்காந்தத்தால் ஒட்டிக்கொண்டு துளையிடும். அதில் பூட்டும் வெட்டி குழாய் வடிவிலானது. துளையின் விளிம்பை மட்டும் வளையமாக வெட்டி, நடுவிலுள்ள இரும்பை ஒரு துண்டாகத் தள்ளிவிடும். இதனால் சிறிய மோட்டாரே பெரிய துளையைப் போட்டுவிடுகிறது. இத்தகைய பொறியின் காந்தச் சுருள் எரிந்துவிட்டால், பழுதுபார்க்கும் செலவுக்கு அஞ்சிப் பலர் அதை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் மோட்டார், பற்சக்கரப் பெட்டி, மேலும் கீழும் நகரும் சறுக்குத் தடம், கைப்பிடி எல்லாம் நன்றாகவே இருக்கும். செத்த காந்தத்தைக் கழற்றிவிட்டு, உடலை ஒரு தடித்த இரும்புத் தூணில் போல்ட் போட்டுப் பொருத்தினால் உறுதியான துளைப்பொறி ஆயிற்று. காந்தம் பிடித்தால்தான் மோட்டார் ஓடும் என்று பல பொறிகளில் மின்சுற்றைப் பிணைத்திருப்பார்கள். அதை மாற்றுவது மின்பணி தெரிந்தவரின் வேலை. அத்துடன், மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது தானாக ஓடத் தொடங்காத விசையையும் பொருத்தச் சொல்லவேண்டும்.

காந்தத் துளைப்பான் கிடைக்காதவர் மோட்டார் சைக்கிள் முன்கவையின் வழவழப்பான குழாயையும் பழைய காரின் திசைமாற்றிப் பற்சட்டத்தையும் எடுத்துக்கொள்கிறார். மோட்டாருக்குக் கப்பி வைக்கிறார். இங்கேதான் கணக்கு வருகிறது. நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு முனை மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1400 முறை சுற்றும். 16 மில்லிமீட்டர் அலகால் மென் இரும்பைத் துளைக்க 500 சுற்று போதும்; மிகுந்தால் அலகின் நுனி கருகும். எனவே 50 மில்லிமீட்டர் கப்பியிலிருந்து 150 மில்லிமீட்டர் கப்பிக்கு பெல்ட் போடுகிறார், 467 வந்துவிட்டது. வகுப்பறையில் நாம் பயிற்சி நூலில் தேய்க்கும் அதே விகிதம்! துளை செங்குத்தாக விழுமா என்று பார்க்க, வளைத்த கம்பி ஒன்றைச் சக்கில் பூட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றுகிறார். கம்பி நுனிக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளி நாற்புறமும் ஒன்றாக இருக்கவேண்டும். இதைக் குப்பை பொறுக்குவது என்று எந்த வாயால் சொல்வது?

அமெரிக்காவில் டேவிட் கிஞ்செரி என்பவர் பழைய உலோகத்திலிருந்து ஒரு பட்டறையையே உருவாக்கும் முறையை ஏழு நூல்களாக எழுதினார். அவற்றுள் ஐந்தாவது துளைப்பொறி பற்றியது. அதை நாம் 'பொழுதுபோக்குப் பொறியியல்' என்று வியப்போம். செம்பனை ஆலையில் பிட்டராக இருந்த நம் பக்கத்து வீட்டு ஐயா செய்தால் மட்டும் அது வக்கற்ற வேலையாகிவிடுகிறது.

இப்படிச் சொல்வதால் எல்லாவற்றுக்கும் கைதட்டுகிறேன் என்று எண்ணவேண்டாம். நுண்ணலை அடுப்பின் மின்மாற்றியைப் பிளந்து வீட்டிலேயே காந்த அடித்தளம் செய்து, அதன்மேல் துளைப்பானை ஏற்றும் காணொளிகளை வன்மையாகக் கண்டிக்கிறேன். அந்த அடுப்பின் மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். மின்சாரம் ஒரு நொடி நின்றால் காந்தம் பிடியை விட்டுவிடும். தொழிற்சாலையில் செய்த பொறிக்கே பாதுகாப்புச் சங்கிலி கட்டித்தான் வேலை செய்கிறார்கள், காணொளிக்காரர் கட்டுவதில்லை. நிலத்தில் ஊன்றிய துளைப்பொறியைச் செய்யுங்கள், காந்தத்தைச் செய்யாதீர்கள். பெல்டுக்கு மூடி வேண்டும், நிலக்கம்பி வேண்டும், துளைக்கும் பொருளை இடுக்கியில் இறுக்கவேண்டும். கையுறை அணிந்து சுழலும் அலகின் அருகே போகவே கூடாது. இவற்றை விட்டுவிட்டு 'திறமை' என்று பேசுவது அறிவீனம்.

சரி, பள்ளிக்கு வருவோம். முன்பு வாழ்வியல் திறன் என்றோம். பிறகு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று பெயர் வந்தது. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியில் வந்த பாகங்களைப் படம் பார்த்துப் பொருத்துவது வடிவமைப்பு ஆகுமா? கிடைத்த பாகத்தைப் பார்த்து, "இதை வேறு எதற்குப் பயன்படுத்தலாம்?" என்று கேட்பதிலல்லவா அது தொடங்குகிறது! அதே வாயால் நாம், "படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்" என்று மாணவனை மிரட்டுகிறோம். அவன் தந்தை பட்டறையில்தான் இருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை அன்று மாலை தந்தையின் எண்ணெய் படிந்த கையை எந்தக் கண்ணோடு பார்க்கும்?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒன்றைக் கேட்க இருக்கிறேன். தாமே துளைப்பொறி செய்த பெற்றோர் ஒருவரை ஆறாம் ஆண்டு வகுப்புக்கு அழைப்போம். பொறியை அவரே இயக்கட்டும். மாணவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கோட்டுக்கு அப்பால் நின்று, கப்பியை அளந்து சுற்றைக் கணக்கிடட்டும். செலவு ஒரு மாலையும் ஒரு தேநீரும்தான். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள், பேசுவோம்.