குழந்தைகளுக்கும் தணிக்கை வேண்டும்

ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்யாவிடில், சிறு பிழையும் பெரு நஷ்டமாக முடியும் என்பதை நம் சங்க அங்கத்தினர்கள் நன்கறிவர். குழந்தைகளின் உடல்நலத்திற்கும் இவ்விதி பொருந்தும் என்பதை அண்மையில் என் பார்வைக்கு வந்த ஒரு கடன் மனு உணர்த்திற்று.

நெசவாளர் ஒருவர், தம் எட்டு வயது மகனின் மூளையில் உண்டான சீழ்க்கட்டிக்குச் சிகிச்சை செய்த செலவுக்காகக் கடன் கோரியிருந்தார். பத்து நாட்கள் தலைவலியும் காய்ச்சலுமாக இருந்த பையனுக்குத் திடீரென வலிப்பு கண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தபோதுதான் அவன் இருதயத்தில் பிறவிக் கோளாறு இருப்பது வெளிப்பட்டது. "சிறிது ஓடினாலும் குந்தி உட்கார்ந்து விடுவான், பலவீனம் என்றிருந்தோம்" என்றார் தந்தை.

இருதயத்திற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சொத்தைப் பல் முதலியவற்றிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகளை நுரையீரலின் நுண்குழாய்கள் வடிகட்டுகின்றன. 1888-இல் ஃபாலோ என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்த நால்வகைக் கோளாறு போன்றவற்றில், அசுத்த இரத்தத்தின் ஒரு பகுதி இருதயத் துவாரத்தின் வழியே, நுரையீரலை அடையாமலே உடலெங்கும் சென்றுவிடுகிறது. இரத்தமும் தடித்து ஓட்டம் மந்தமாவதால், கிருமிகள் மூளையில் தங்கிச் சீழ் பிடிக்கின்றன.

இக்கோளாறுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 1944-லேயே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் இத்தகைய குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்தனர். நமக்குக் குறைவது கவனமே. நம்மவர் நிறத்தில் நீலம் எளிதில் புலப்படாது. நாக்கையும் நகக்கண்ணையும் பார்க்க வேண்டும். விரல் நுனி பருத்திருத்தலும், விளையாடுகையில் குந்துதலும் அடையாளங்கள். அத்தகைய குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, காய்ச்சல், வலிப்பு கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இருதயக் கோளாறு பற்றிய ஐயத்தை வைத்தியரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும்.

2013-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின்படி, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவரை ஒருமுறையும் இலவசமாகப் பரிசோதிக்க ஏற்பாடு உண்டு. பரிசோதனைத் தேதியைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி, கூலி வழங்கும் நாளில் வாசித்துச் சொல்வது நிர்வாகிகளின் கடமை என்பது என் கருத்து. சங்கத்தின் வேலை அதுவன்று எனச் சிலர் கூறக்கூடும். கடன் கொடுப்பது நம் வேலையானால், கடன்படும் துயரத்தைத் தடுப்பதும் நம் வேலையே.

மனு அனுமதிக்கப்பட்டது, பையனும் பிழைத்தான். ஆயினும் வலக்கையால் அவனால் இன்னும் எழுத இயலவில்லை. அந்த நஷ்டத்தை எந்தக் கடனும் ஈடுசெய்யாது.