சங்கிலியும் பக்தியும்



மலையிலிருந்து யானை இறங்கித் தென்னந்தோப்புக்குள் புகுந்தால் நம் சிவகிரியில் என்ன நடக்கும் என்பதை அறிவீர்கள். வெடி போடுகிறோம், தீப்பந்தம் கொளுத்துகிறோம், வனத்துறைக்கு மனு எழுதுகிறோம். அதே யானை காலில் சங்கிலியோடு கோயில் வாசலில் நின்றால், ஆசி வேண்டி அதன்முன் தலை குனிகிறார்கள். தன் இஷ்டப்படி நடக்கிற யானை பகை. கட்டுண்டு நிற்கிற யானை தெய்விகம்!

2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை, தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்த நம்மில் சிலர் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். இரண்டு வீடுகளில் இழவு விழுந்திருந்ததே! அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன்.

பரிசுத்தமென்று போற்றுவதை மனிதன் ஏன் கட்டிவைக்கிறான்? போய்விடுமோ என்கிற பயம். எசேக்கியேலின் புத்தகத்தில் தீரு பட்டணத்தை வாசித்திருக்கிறீர்கள். கி.மு. 332இல் மகா அலெக்சாந்தர் அதை முற்றுகையிட்டபோது, அப்பொல்லோ தேவன் பட்டணத்தை விட்டுப் போவதாக ஒருவன் சொப்பனம் கண்டான். உடனே அந்தச் சிலையைப் பொற்சங்கிலியால் பிணைத்தார்கள் என்று பழைய சரித்திரக்காரர் எழுதுகிறார்கள். ஏழு மாத முற்றுகைக்குப்பின் பட்டணம் விழுந்தது.

புறஜாதியாரின் அறியாமை என்கிறீர்களா? 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். தோற்றுப்போன இஸ்ரவேலர் மனந்திரும்பவில்லை, தேவனை விசாரிக்கவுமில்லை. சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெட்டி வந்தால் தேவன் வந்தே தீரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் கையில் சங்கிலி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்று 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. பின்பு அது திரும்பிவந்ததும் அவர்களுடைய பலத்தினால் அல்ல. ஓட்டுவாரில்லாத வண்டியில் இரண்டு கறவைப்பசுக்கள் கொண்டுவந்து சேர்த்தன.

நம்முடைய சங்கிலிகளுக்கு வருவோம். மகனுக்கு வேலை கிடைத்தால் இவ்வளவு காணிக்கை என்று பொருத்தனை; கிடைக்காவிட்டால் ஆலயத்துப் பக்கமே வருவதில்லை. ஜெபித்த எண்ணெய்க் குப்பி அலமாரியில் இருந்தால் வீட்டுக்குள் வியாதி வராது என்று நம்பிக்கை. இதையெல்லாம் விசுவாசம் என்று எந்த வாயால் சொல்லுகிறோம்?

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை மனதுக்குப் பிடிக்கவில்லை, வேறொன்று தாருங்கள் ஐயா என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. நானும் மாற்றிக் கொடுத்தேன். வருகிற ஆண்டு கொடுக்கமாட்டேன்.