உதிரிப் பாகமும் குற்றமே!

மின் சிகரெட்டுக்குள் மெல்லிய கம்பியைச் சின்னச் சுருளாகச் சுற்றிப் பஞ்சுத் திரி கோக்கிறார்கள். திரி இறுகினால் திரவம் ஏறாமல் கருகும், தளர்ந்தால் ஒழுகும். பதமாக அமைந்தால்தான் ருசியாம்!

இந்தச் சுருளையும் திரியையும் 'வெறும் உதிரிதானே அண்ணாச்சி' என்று யாராவது நீட்டினால் வணிகப் பெருமக்கள் வாங்கி அடுக்கிவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் முழுக் கருவியோடு அதன் எந்தப் பாகத்தையும் விற்கத் தடை விதிக்கிறது. முதல் தடவைக்கே 1 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே கிடங்கில் இடம் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு.

சிகரெட்டை வரி கட்டி விற்கலாம், இதை மட்டும் கூடாதா என்று நாமும் கேட்கத்தான் செய்கிறோம். அதைச் சங்கம் பேசட்டும். சில்லறை லாபத்துக்காக நம் கல்லாப் பையன் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம்.