அரகோனிய மொழிக்கு நேர்ந்த கதி

ஸ்பெயின் தேசத்தின் வடபால் ஓங்கி நிற்கும் பிரனீஸ் மலைகளில், எச்சோ, அன்சோ, சிஸ்தாவ், பெனாஸ்கே முதலாய பள்ளத்தாக்குகளில் வாழும் இடையரும் கமக்காரரும் வழிவழி பேசிவந்த மொழி அரகோனியம். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அதனைப் பேச வல்லோர் ஏறக்குறைய 25,000 பேர். பதின்மூன்று இலட்சம் மக்கள் வாழும் அரகோன் மாநிலத்தில் இவர்கள் நூற்றுக்கு இருவர். வீட்டுமொழியாகக் கேட்டு வளர்ந்தோருட் பெரும்பாலார் முதுமை எய்திவிட்டனர்.

இம்மொழி என்றும் இவ்வாறு ஒதுங்கிக் கிடந்ததன்று. 1247இல் ஊவெஸ்கா நகரிற் கூடிய சபையின் ஆணைப்படி, பிஷப் விதால் தே கனெல்லாஸ் நாட்டு வழமைச் சட்டங்களைத் தொகுத்தார். அச்சட்டநூலின் விரிந்த வடிவம் அரகோனிய மொழி ஏடாகவே எஞ்சி, இன்று லொஸ் ஏஞ்சலிஸ் கெட்டி நூதனசாலையில் இருக்கின்றது. பதினான்காம் நூற்றாண்டில் ஹுவான் பெர்னாண்டஸ் தே எரேதியா, புளூட்டார்க் எழுதிய சரித்திரங்களை இம்மொழியிற் பெயர்ப்பித்தார். சட்டமும் சரித்திரமும் பேசிய மொழியைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று இகழ எவருக்கு உரிமையுண்டு?

ஆயினும் இகழ்ந்தனர். 1412இல் காஸ்பே தீர்ப்பினாற் கஸ்தீலிய அரசகுலம் அரியணை ஏறிற்று. அரண்மனை மாறியது, பிரபுக்கள் மாறினர், நகரங்கள் மாறின. 1707இல் ஐந்தாம் பெலிப்பே மன்னன் வழமைச் சட்டங்களை ரத்துச் செய்தபோது, மொழி முன்னரே மலையேறிவிட்டது. 1975 வரை நீடித்த பிராங்கோ ஆட்சியிற் பள்ளிக்கூடத்திற் கஸ்தீலியம் ஒன்றே. தாய்மொழியிற் பேசிய பிள்ளை பிழையாகப் பேசுவதாகக் கண்டிக்கப்பட்டது. அப்பிள்ளை தாயானபோது தன் மகவுக்கு அம்மொழியைக் கொடுக்க நாணினாள். இன்றும் தம் பேச்சைச் 'செசோ' என்றும் 'பதுவேஸ்' என்றும் ஊர்ப்பெயரால் அழைத்து, அது அரகோனியம் என்று சொல்லத் தயங்குவோர் உளர்.

மண்ணும் போயிற்று. 1969இல் மெடியானோ கிராமம் நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. ஹானோவஸ் மக்களை அணைக்கென்று வெளியேற்றினர், அணையோ கட்டப்படவேயில்லை! குடி பெயர்ந்த ஊரில் மொழி எவ்வாறு நிற்கும்?

சட்ட நிலையை நோக்குவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு, கஸ்தீலியத்தை அரசகரும மொழியாக்கி, அதனை அறிவது ஒவ்வொரு ஸ்பானியரின் கடமை என்கிறது. ஏனைய மொழிகள் சுயாட்சி மாநிலங்களின் சாசனப்படி ஆங்காங்கே அரசகரும மொழிகளாகலாம். கற்றலானும் பாஸ்க்கும் கலிசியமும் அந்நிலையைப் பெற்றன. அரகோனியம் பெறவில்லை. மாட்ரிட் தடுத்ததென்று கூறுவதற்கில்லை. 1982இற் சுயாட்சி பெற்ற அரகோன் தன் சாசனத்தில் அதனை எழுதவில்லை. எம்மை உறுத்துவது இதுவே.

2009ஆம் ஆண்டுச் சட்டம் மொழியைப் பெயர் சொல்லி ஏற்றது. அரசகரும நிலை தரவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பெயரையும் குழப்பிற்று: அரகோனியத்தைப் 'பிரனீஸ் பகுதிகளுக்குரிய அரகோனிய மொழி' என்றது, கிழக்கிலே பேசப்படும் கற்றலானைக் 'கிழக்குப் பகுதிக்குரிய அரகோனிய மொழி' என்றது! வாக்கு வேட்டையில் மொழியியலுக்கு இடமேது? 2016இல் உரிய பெயர்கள் மீண்டன.

எந்தப் பள்ளத்தாக்கின் பேச்சை எழுதுவது என்று தட்டிக்கழித்தோருக்கு இனி அந்தச் சாக்கும் இல்லை. மொழிக் கழகம் 2023இல் எழுத்துமுறையை வகுத்துவிட்டது. 1711இல் மீண்ட பழைய குடியியல் வழமையை 2011இல் ஒரே கோவையாக்கிக் காத்தவர்களும் இவர்களே. காணிக்கும் முதுசத்துக்கும் காட்டிய அக்கறையை மொழிக்கும் காட்டட்டும். பள்ளத்தாக்குகளிலாவது அரகோனியம் அரசகரும மொழியாகும் எனச் சாசனத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கப்படல் வேண்டும். அதனை முன்மொழிய வேண்டியது சரகோசாவிற் கூடும் அச்சட்டசபையே.